வெள்ளிக்கிழமை கட்டாத அபராதம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கோர்ட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். மேலே சொல்லப் போனால் கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குச் சோறு இறங்காது.

நான் இருப்பது அபராதப் பிரிவு. மாஜிஸ்திரேட் ஒருவருக்கு அபராதம் போடுவார். மொத்தமாகக் கட்ட வழியில்லாதவர்களுக்குத் தவணை கொடுப்பார். தவணை தவறினால் கோப்பு திரும்பவும் அவர் மேசைக்குப் போகும், வாரண்டு எழுதுவார். கட்டு, இல்லாவிட்டால் உள்ளே இரு என்பதுதான் கணக்கு. உள்ளே இருந்து முடித்துவிட்டால் அபராதம் தீர்ந்தது, கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதுவரை போக விடாமல் ஆட்களைத் தேடிப் பிடித்துக் கட்ட வைப்பது என் பொறுப்பு. தேடிப் பிடிப்பது என்றால் கைவிலங்கோடு போவதில்லை. அதற்குப் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். நான் ஃபோன் போடுவேன். என் குரல் கொஞ்சம் கனத்த குரல். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்குச் சேர்க்காமல் ஓரமாக உட்கார வைத்தார்களே, அதே குரலுக்குத்தான் இப்போது அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

கோலா சிலாங்கூரிலிருந்து அந்தப் பக்கம் சுங்கை செம்பிலாங் வரை, இந்தப் பக்கம் தோட்டங்கள் எல்லாம் தாண்டி, என் குரலுக்குப் பயப்படாத ஆள் குறைவு. ஃபோனை எடுத்ததும் குரல் மாறிவிடும். "அவரு இல்லீங்க, நான் அவரு தம்பி பேசுறேன்" என்பார் அவரே. ஒருத்தர் ஒரு படி மேலே போய், "அவரு எறந்துட்டாரு மேடம்" என்றார். ஐயோ பாவம், இறப்புப் பத்திரம் கொண்டு வாருங்கள், அபராதத்தை எடுத்துவிடலாம் என்றேன். பிறகு, "பத்திரம் எடுக்குறது கஷ்டமா இருக்கும் போல மேடம். கட்டிடுறேன் லா" என்றார். மறுநாள் உயிரோடு வந்து கட்டினார். நல்ல மனிதர். இப்போதும் பசாரில் பார்த்தால் சிரிப்பார்.

வாரத்தில் எனக்குப் பிடித்த நாள் வெள்ளிக்கிழமை. கவுண்டர் காலியாகக் கிடக்கும். மத்தியானம் தொழுகைக்காக நீண்ட இடைவேளை. மேசையைத் துடைப்பேன், பழைய பேனாக்களை எழுதிப் பார்த்துத் தூக்கிப் போடுவேன், மலாவாத்தி மேட்டிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் கார் நிறுத்துமிடத்தில் யாருடைய கண்ணாடியை ஒடிக்கின்றன என்று ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சும்மா கிடைக்கிற சுகத்தை யார் ஆராய்ச்சி செய்வார்கள்?

ஆராய்ச்சி செய்ய ஷா ஆலத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் பிரிவுக்குப் புது மேலதிகாரி. மலாய்க்காரப் பெண்மணி, என்னைவிடச் சில வயது மூத்தவர். நாங்கள் பூவான் என்று கூப்பிடுவோம். அபராத வசூல் எங்கே சரியாக நடக்கிறது, எங்கே தொய்கிறது என்று பார்ப்பதற்காகவே அனுப்பப்பட்டவர். வந்த இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"மற்றவர்கள் தவணை நாளில் வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. உங்கள் ஆட்கள் கட்டாயம் வருகிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை தவணை என்றால் திங்கட்கிழமை வருகிறார்கள். எல்லாரும். ஏன்?"

உங்கள் ஆட்கள் என்ற சொல்லுக்கு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமா, தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் காசு வெளியே போகக் கூடாது. போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். செவ்வாய்க்கிழமையும் கொஞ்சம் யோசிப்பார்கள். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையானாலும் கொடுக்க மாட்டார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு, வருஷக்கணக்காக அந்தக் காலிக் கவுண்டரில் உட்கார்ந்து பேனா துடைத்திருக்கிறேன்.

பூவானிடம் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "நீங்களும் அப்படித்தானா?" என்றார்.

"நான் அரசாங்க ஊழியர், பூவான்" என்றேன்.

அது பதில் இல்லை என்று இருவருக்குமே தெரிந்தது. அன்று காலையில்தான் தண்ணீர் பில்லை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று கைப்பைக்குள் திருப்பிச் செருகியிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை.

பூவான் விழுந்து விழுந்து சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கொடுக்கிற நாள். அன்றைக்குத் தானம் செய்தால் புண்ணியம் கூட" என்றார். ஒரே ஊர், ஒரே நாள். ஒரு பாதிப் பேர் மசூதி வாசலில் சோற்றுப் பொட்டலம் அள்ளிக் கொடுக்கிறார்கள், இன்னொரு பாதிப் பேர் முந்தானையில் முடிச்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து இதை மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்று பார்த்தோம். அரசாங்க மலாயில் லட்சுமியை எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. பூவான் ஏதோ தட்டச்சு செய்தார், படித்துப் பார்த்தார், அழித்துவிட்டார்.

கடைசியில் மாஜிஸ்திரேட்டிடமே போய், தவணை நாளை வேறு கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டார். அவரை நாங்கள் துவான் என்போம். இளைஞர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. சாலைக் குற்ற வழக்குகள் வெள்ளிக்கிழமை நடப்பதால் தவணையும் வெள்ளிக்கிழமை விழுகிறது, புது வழக்குகளுக்கு வேண்டுமானால் மாற்றலாம், பழைய உத்தரவு பழைய உத்தரவுதான் என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கு ஒரு சட்டம் செவ்வாய்க்கு ஒரு சட்டம் என்று அவர் எங்கே படித்திருக்கிறார்?

அந்தப் பழைய உத்தரவில் மாட்டிக்கொண்டவர் ஒரு டிராக்டர் ஓட்டுநர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றிப் போகிறவர். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருஷமாகிறது, எங்கள் வாய்க்கு இன்னும் வரவில்லை. மனிதர் தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்டியதோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கோயில் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிப்போக யாரோ ஒருத்தருடைய பழைய வேனை இன்சூரன்ஸ் இல்லாமல் மெயின் ரோட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். அபராதம் போட்டார்கள். தவணை கேட்டார், கொடுத்தார்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை.

ஒவ்வொரு மாதமும் திங்கட்கிழமை வந்தார். மனைவியோடு வருவார். பணம் மனைவியின் கையில் இருக்கும், பேச்சும் அவருடையதுதான். கணவர் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தவறு செய்த பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த அப்பா மாதிரி நிற்பார். இங்கே பிள்ளையும் அவர்தான், அப்பாவும் அவர்தான்.

பொறுத்துப் பார்த்த துவான் போன மாதம் கோர்ட்டிலேயே நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். கடைசித் தவணை. அது ஒரு நாள் தள்ளினாலும் உள்ளே. மொழிபெயர்த்துச் சொன்னவள் நான்தான். கணவர் தலையாட்டினார். மனைவி தலையாட்டவில்லை.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் ரவாங்கிலிருந்து வருகிறார்கள். இதை நான் புதன்கிழமை ஃபோன் போட்டபோது மனைவிதான் சொன்னார்.

"அப்ப வியாழக்கிழமையே வந்து கட்டிடுங்கக்கா" என்றேன்.

"கூட்டுப் பணம் வியாழக்கெழம சாயந்தரம்தான் கைக்கு வரும்" என்றார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற பெண்கள் சீட்டு மாதிரி மாதாமாதம் பணம் சேர்த்து ஒவ்வொருவராக எடுப்பது. இந்த மாதம் அவர் முறை.

"பரவால்ல. சாயந்தரம் வந்ததும் மக ஃபோன்லருந்து அனுப்பச் சொல்லுங்க. பேங்க் கவுண்டரெல்லாம் வேணாம்."

"வெளக்கு வச்ச பெறவா?" என்று கேட்டார். ஏதோ நான் அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

நான் குரலை ஏற்றினேன். வெள்ளிக்கிழமை கட்டவில்லை என்றால் அண்ணனை உள்ளே வைப்பார்கள், அத்தனை நாள் இருந்துவிட்டு வந்தால்தான் அபராதம் தீரும், பரிசத்துக்கு அப்பா இருக்க மாட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். கணவரையும் ஃபோனில் வரச் சொல்லி அவரிடமும் அதையே சொன்னேன். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். பயம் வேலை செய்கிறது என்று நினைத்து ஃபோனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வரவில்லை. பத்தரைக்கு மேல் ராகு காலம், வர மாட்டார்கள். அது முடிவதற்கும் கவுண்டர் இடைவேளைக்கு மூடுவதற்கும் நடுவே மூச்சு விடத்தான் நேரம் இருக்கிறது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. பணம் வீட்டில் இருக்கிறது. கட்ட மனசும் இருக்கிறது. கோர்ட்டை ஏமாற்றுகிறவன் எல்லாம் நாளைக் கடத்திக்கொண்டு வெளியே சுற்றுகிறான், இவர்கள் கட்ட வேண்டிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்க்கிறார்கள்.

பூவான் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குக் கோப்பு துவான் மேசைக்குப் போக வேண்டும். அதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியாது" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இடைவேளையில் நீங்கள் எங்கே போய்ச் சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை" என்றார்.

கட்டாதவர்கள் வீட்டுக்குப் போவது என் வேலை இல்லை. போகவும் கூடாது. ஆனால் பத்தாங் பெர்ஜுந்தையில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தேன். தோட்டத்துக்குத் திரும்புகிற முனையில் மளிகைக் கடையைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. இறங்கி ஒரு பாக்கெட் கல் உப்பு வாங்கினேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு உப்பு வந்தால் லட்சுமியே வந்ததாகக் கணக்கு. ஒன்று உள்ளே வந்துவிட்டால் இன்னொன்றை வெளியே விடலாம் இல்லையா? அரசாங்கம் எனக்கு இப்படிப்பட்ட பயிற்சி எல்லாம் கொடுத்ததில்லை, நானாகக் கற்றுக்கொண்டது.

லயத்து வாசலில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கெனோப்பிப் பந்தல் கட்டியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி இருந்தன. மனைவி கெனோப்பி நிழலில் உட்கார்ந்து பித்தளைத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கணவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் காரைப் பார்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மகள் கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் வேலைக்குப் போயிருந்தாள்.

"வாங்க மேடம்" என்றார் மனைவி. எழுந்து நாற்காலி போட்டார். நான் உப்பை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"இப்ப உள்ள ஒண்ணு வந்துருச்சில்ல, அதக் கணக்குப் பண்ணிப் பணத்தக் குடுங்கக்கா" என்றேன்.

"உப்புக்கு ரொம்ப நன்றி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். உப்பும் போயிற்று. மேடத்திலிருந்து தங்கச்சி ஆனது மட்டும்தான் லாபம்.

ஃபோனில் அனுப்பினால் நோட்டு வீட்டிலேயே இருக்குமே, கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் வெளியே போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "கண்ணுக்குத் தெரியாமப் போனா மட்டும் போவலன்னு ஆயிடுமா?" என்றார். நான் மாதாமாதம் வாங்குகிற சம்பளமும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து கண்ணுக்குத் தெரியாமல்தான் போகிறது.

"அக்கா, அண்ணன உள்ள வைப்பாங்க. வெளையாட்டு இல்ல."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "தங்கச்சி, நான் மூட நம்பிக்க புடிச்சவன்னு நெனைக்காதீங்க. முன்ன ஒரு வாட்டி, லயத்த விட்டுப் போறவங்களுக்கு வீடு கட்டித் தர்றோம், முன்பணம் கட்டுங்கன்னு ஒருத்தன் வந்தான். வெள்ளிக்கெழம வேணாங்கன்னேன். கெழம பாத்தா வீடு கெடைக்குமான்னு இவரு போய்க் கட்டிட்டு வந்தாரு. வீடு எங்க? அங்க தூணு மட்டும் நிக்குது, லாலான் புல்லு மொளச்சுப் போயி. என் மவ பரிசத்தையும் நான் லயத்து வாசல்லதான் நடத்துறேன்."

"அது அந்த ஆளு பணத்தோட ஓடுனதாலக்கா. வெள்ளிக்கெழமயாலயா?"

"அவன் எந்தக் கெழம ஓடுனான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் கோர்ட்டில் இத்தனை வருஷமாக வக்கீல்களைப் பார்க்கிறேன். இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டவரைப் பார்த்ததில்லை. "இப்ப நாளன்னிக்கு ஒரு புள்ளயோட வாழ்க்க" என்றார் அவர். "அவ விசயத்துலயும் வெள்ளிக்கெழம காச வெளிய விட்டுட்டு, நாளைக்கு ஏதும் ஒண்ணுன்னா நான் யாரப் போய் கேப்பேன்?" முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்துத் தள்ளக் கூடிய பயம் இல்லை. அந்தத் தூண்களை நானும் பார்த்திருக்கிறேன்.

வேறு வழி இல்லை என்று, கூடாது என்று தெரிந்தே, "சரி, நான் கட்டிடுறேன். நீங்க திங்கக்கெழம எனக்குக் குடுங்க" என்று சொல்லி என் கைப்பையைத் திறந்தேன். திறந்த கை உள்ளே போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை, அடுத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என் பணத்தை நான் எடுத்துக் கொடுப்பதா என்று ஏதோ ஒன்று உள்ளே பிடித்து இழுத்தது. நாலு எழுத்துப் படித்தவள், அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது, கை மட்டும் தோட்டத்திலேயே இருக்கிறது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டிருந்த முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா, ஒங்களுக்கே கை வரல" என்றார். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் கெனோப்பிக்கு அடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். ஆனால் மணி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கணவர் வெளியே வந்தார். குளித்திருந்தார். தலையை நன்றாகச் சீவி, நீளக் கால்சட்டை போட்டு, சட்டையை உள்ளே விட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"போலாங்களா மேடம்?" என்றார்.

"எங்கண்ணே?"

"உள்ளதான். நீங்க கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "நீங்கதானே ஃபோன்ல சொன்னீங்க, அத்தன நாளு இருந்துட்டு வந்தா அபராதம் தீந்துரும்னு. அப்பறம் கட்டத் தேவையில்லதானே? நான் இருந்துட்டு வந்துடுறேன் லா. காசு வீட்லயே இருக்கட்டும். அவளுக்கும் மனசு கஷ்டம் இல்ல."

பயமுறுத்துவதற்காக நான் சொன்னதை மனிதர் வசதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் என் குரலுக்கு ஆட்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள், ஒளிந்திருக்கிறார்கள், செத்துக்கூடப் போயிருக்கிறார்கள். மூட்டை கட்டிக்கொண்டு தயாராக நின்றவரை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பெல்லாம் போய்விட்டது.

மனைவிக்கு இது எதுவும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. புளிக் கையோடு எழுந்து போய்ப் பையைப் பிடுங்கி, அங்கேயே நாற்காலியில் வைத்துப் பிரித்தார். ஒரு கைலி, ஒரு துண்டு, பனியன், சோப்பு டப்பா. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கடைசியில் ஒரு பல் பிரஷ்.

"இது என்னோட பிரஷ்ஷு" என்றார்.

"அவசரத்துல தெரியல" என்றார் கணவர்.

"எப்ப கட்டுனீங்க இத?"

"முந்தாநேத்து. ஃபோன் வந்த அன்னிக்கே."

மனைவி பிரஷ்ஷைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம தட்டு யாரு மாத்துவா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பரிசத்தில் பெண்ணுடைய அப்பாதான் தட்டை வாங்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"தம்பிகிட்ட சொல்லிட்டேன். நான் அவசரமா வெளியூரு போறேன்னு சொல்லச் சொல்லிருக்கேன். புதுச் சட்டய அயர்ன் பண்ணி மாட்டி வச்சிருக்கேன், அவன் போட்டுக்கட்டும்."

வாசலில் இருந்தே உள்ளே தெரிந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் சந்தன நிறப் பட்டுச் சட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்க கிள்ளான் வரை பஸ் ஏறிப் போய், இரண்டு கடை ஏறி இறங்கி, அளவு பார்த்து எடுத்தது தான்தான் என்று மனைவி பிறகு சொன்னார். அப்போது சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க தம்பிக்கு வயிறு பெருசு. அதுல பட்டன் போட முடியாது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கையைக் கழுவினார். உள்ளே போனார். சாமி மேடைக்கு முன்னால் நின்றது தெரிந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது, நான் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது முந்தானை முடிச்சு பெரிதாக இருந்தது. "மோட்டார எடுங்க" என்றார் கணவரிடம்.

நான் முன்னால் காரில் போனேன், அவர்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்த்ததைவிடப் பின்கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். திரும்பிப் போய்விடுவார்களோ என்று ஒரு பயம். ஈஜோக் முனையில் சிவப்பு விளக்கில் நின்றபோது, மனைவி அவர் முதுகில் குத்தி ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் ஹெல்மெட்டை ஆட்டி ஆட்டி ஒத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கவுண்டர் திறந்திருந்தது. பூவான் வெளியே வந்து நின்றார். இருவரையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் என் நாற்காலியை எனக்கு இழுத்துவிட்டார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கணவர் வழக்கம் போலத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

மனைவி முடிச்சை அவிழ்த்து, நோட்டுகளை ஒழுங்காக அடுக்கி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் நீட்டினார். நான் இந்தப் பக்கம் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் இழுக்கவில்லை. நோட்டின் ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். அவர் பிடி இறுகுவது நோட்டு வழியாக எனக்குத் தெரிந்தது.

"இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாந்தானே?"

"போலாங்க்கா."

"இதுக்கு மேல யாரும் வந்து கூப்புட மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி."

"தெரியுதுக்கா" என்றேன்.

திரும்பிக் கணவரை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகுதான் விட்டார்.